ஒளித்து வைத்த குரல்



திரையில் தெரிவது ஒருவர் முகம். கேட்பது இன்னொருவர் குரல். ‘பம்பாய்’ படத்தில் மனிஷா கொய்ராலாவுக்கும் ‘இருவர்’ படத்தில் ஐஸ்வர்யா ராய்க்கும் பேசியவர் நடிகை ரோகிணி. கார்ட்டூனிலோ, வரைந்த உருவத்துக்கு உயிரே குரல்தான்.

எங்கள் பேரப்பிள்ளைகள் விரும்பிப் பார்க்கும் டொரேமொன் என்ற நீலப் பூனைக்கு, ஜப்பானிய மொழியில் 1979 முதல் 2005 வரை குரல் கொடுத்தவர் நொபுயோ ஒயாமா என்ற பெண்மணி. பாடசாலை நாட்களில் அவருடைய தடித்த குரலைக் கூடப் படித்தவர்கள் கேலி செய்தார்கள். அவர் பேசுவதையே குறைத்துக்கொண்டார். குறையென்று ஒளித்தால் அது கூடத்தான் செய்யும், அந்தக் குரலிலேயே பேசு என்று தாயார் தேற்றினார். மகள் பாடசாலை ஒலிபரப்பு மன்றத்தில் சேர்ந்தார்.

இதை அறிந்தபோது எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியை நினைத்துக்கொண்டோம். காலைப் பிரார்த்தனையில் அவள் செய்தி வாசித்தால் நாங்கள் வாயைப் பொத்திச் சிரிப்போம். ஒருநாள் வாசிப்பதை விட்டுவிட்டாள். ஏனென்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. சாவகச்சேரியை விட்டு அவள் எங்கே போனாள் என்றும் தெரியாது. இந்த உரை நூற்றாண்டு மலரில் வருமாம். அவள் கண்ணில் பட்டால் எங்களை மன்னிக்கட்டும்.

அதிபரிடம் ஒரு வேண்டுகோள். காலைச் செய்தி வாசிப்பைக் குரல் பார்த்துக் கொடுக்காமல், முறை வைத்து எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுங்கள். எந்தக் குரலுக்கு என்ன வேலை காத்திருக்கிறதோ, யார் கண்டார்?