நம் வாசலில் உள்ள பூங்கா யாருடையது?

(நலச்சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற நகராட்சிப் பொறியாளரான நம் குடியிருப்பாளர் ஒருவர் ஆற்றிய உரை)



அடுத்த மாதப் பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் வாக்குக்கு வருகிறது. சாலையை ஒட்டியுள்ள பூங்காவின் வெளிக் கேட்டைப் பூட்டிவிட்டு, நம் பக்கத்துச் சிறிய கேட்டை மட்டும் அக்சஸ் கார்டு போட்டுத் திறந்து வைக்கலாம் என்பது அந்தத் தீர்மானம். இதைக் கொண்டு வந்தவர்கள் கெட்ட எண்ணத்தில் கொண்டு வரவில்லை. இரவில் சிலர் உட்கார்ந்து குடிக்கிறார்கள், பாட்டில் கிடக்கிறது, பெண்பிள்ளைகளை அனுப்பப் பயமாக இருக்கிறது என்கிறார்கள். நியாயமான கவலைதான். ஆனால் பூட்டு அதற்குத் தீர்வாகாது என்று சொல்லவே வந்திருக்கிறேன். நீங்கள் வாக்களிக்கும் முன் சில விவரங்கள் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில், அந்த இடம் எப்படி வந்தது? அதை நாம் ஓ.எஸ்.ஆர். நிலம் என்கிறோம். பெரிய மனையில் கட்டடம் கட்டுபவர்கள் திறந்தவெளிக்காக ஒதுக்க வேண்டிய பங்கு அது. 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, மனை 3,000 சதுர மீட்டர் வரை இருந்தால் ஒதுக்கீடு இல்லை. 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை என்றால் சாலைகள் நீங்கலாக 10 சதவீத நிலத்தைத் தரலாம், அல்லது அதற்கு ஈடாகப் பணம் கட்டலாம். 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால் பணம் கட்டித் தப்பிக்க வழியில்லை. நிலத்தையே பதிவு செய்த தானப் பத்திரம் மூலம் ஒப்படைக்க வேண்டும்.

நம் வளாகம் மூன்று ஏக்கர். 10,000 சதுர மீட்டருக்கு மேல் வருகிறது. அப்படித்தான் அந்த ஐந்து கிரவுண்ட் நிலம் பூங்காவானது. பில்டர் விளம்பரத் தாளில் 'உங்கள் தனிப் பூங்கா' என்று போட்டிருக்கலாம். விளம்பரத் தாள் பத்திரம் ஆகாது. அந்த நிலம் தானமாகக் கொடுக்கப்பட்டு விட்டது. நம் பெயரிலும் இல்லை, பில்டர் பெயரிலும் இல்லை. சந்தேகம் இருந்தால் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள்.

ஆகவே, பூட்டு போட நமக்கு உரிமை கிடையாது என்பது முதல் விஷயம். "யார் வந்து கேட்கப் போகிறார்கள் சார்?" என்று கேட்பீர்கள். ஒருவேளை யாரும் கேட்காமல் போகலாம். அதனால்தான் இரண்டாவது விஷயத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

பெங்களூரில் ராஜ்மகால் விலாஸ் விரிவாக்கப் பகுதியில், திட்டத்தில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய ஒரு இடம் இருந்தது. அதை மருத்துவமனை கட்டுவதற்காக ஒரு தனியார் அறக்கட்டளைக்கு ஒதுக்கிக் கொடுத்தார்கள். மருத்துவமனை நல்ல காரியம்தானே என்று யாரும் சும்மா இருந்திருக்கலாம். அந்தப் பகுதியில் குடியிருந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. நீதிமன்றம் போனார்கள். முதலில் தோற்றார்கள், மேல்முறையீட்டில் ஜெயித்தார்கள். 1991-இல் உச்ச நீதிமன்றமும் அவர்கள் பக்கமே தீர்ப்பளித்தது. பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தை அப்படித் தனியாருக்கு மாற்றிக் கொடுக்க முடியாது, அதைக் கேட்க அந்தப் பகுதிவாசிகளுக்கு உரிமை உண்டு என்றது.

அவர்கள் எதை வைத்து ஜெயித்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். 'இது எங்கள் சொத்து' என்று சொல்லி ஜெயிக்கவில்லை. 'இது எல்லோருக்குமான பூங்கா' என்று சொல்லித்தான் ஜெயித்தார்கள். நாளைக்கே நம் பூங்காவின் ஒரு மூலையில் டிரான்ஸ்பார்மர் வைக்கலாம், குப்பை தரம் பிரிக்கும் ஷெட் போடலாம், பக்கத்தில் மெட்ரோ வேலை என்று சாமான்களைக் கொண்டு வந்து இறக்கலாம் என்று யாராவது வந்தால், அன்று நம் கையில் இருக்கும் ஒரே ஆயுதம் இந்தப் பொது உரிமைதான். கார்டு போட்டுப் பூட்டி வைத்த இடத்தைப் பொதுமக்களின் பூங்கா என்று எந்த முகத்தோடு போய்ச் சொல்வோம்? பக்கத்துத் தெருக்காரர்களும் நம்மோடு வந்து நிற்க மாட்டார்கள். பூட்டுவதால் நாம் பூங்காவைக் காப்பாற்றவில்லை, அதைக் காப்பாற்றும் பலத்தைத்தான் இழக்கிறோம்.

இந்த ஊரில் இனி புதிதாகத் திறந்தவெளி உண்டாக்குவது எளிதல்ல. 1920-களில் மாம்பலம் ஏரிப் பகுதியில் தியாகராய நகரை அமைத்தவர்கள், பனகல் பூங்காவுக்கும் நடேசன் பூங்காவுக்கும் அப்போதே இடம் விட்டார்கள். இன்று ரங்கநாதன் தெருவில் நெரிசலில் நசுங்கி வெளியே வருபவர் மூச்சு விடுவது அந்த இடத்தில்தான். மத்திய அரசின் 2014-ஆம் ஆண்டு நகரத் திட்ட வழிகாட்டி, ஆளுக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் திறந்தவெளி வேண்டும் என்கிறது. நம் வளாகத்தில் 160 வீடு, வீட்டுக்கு மூன்று பேர் என்று வைத்தாலே 480 பேர். நம் பூங்கா சுமார் 1,115 சதுர மீட்டர். நமக்கு மட்டும் என்று பூட்டி வைத்தாலும் ஆளுக்கு இரண்டரை சதுர மீட்டர்கூடத் தேறாது. பூட்டினால் நமக்கு நிறையக் கிடைத்துவிடும் என்ற கணக்கே தப்பு.

சரி, குடிப்பவர்களை என்ன செய்வது? அதற்கு வருகிறேன்.

நியூயார்க்கில் பிரையன்ட் பார்க் என்று ஒரு பூங்கா. 1970-களில் அது போதைப்பொருள் விற்பவர்களின் இடமாக இருந்தது. வில்லியம் ஒயிட் என்பவர் பொது இடங்களில் மக்கள் எப்படி உட்காருகிறார்கள், நடக்கிறார்கள் என்று வருடக்கணக்கில் பார்த்துக் குறித்தவர். அவர் சொன்ன காரணம் எளிமையானது: பூங்கா சாலையை விட உயரத்தில் இருக்கிறது, சுற்றிலும் வேலியும் புதரும் மறைக்கின்றன, உள்ளே நடப்பது வெளியே தெரியவில்லை, நுழைய வழிகளும் குறைவு. ஒளிந்துகொள்ள நினைப்பவனுக்கு அது வசதி. மறைப்பை எடுங்கள், வழிகளைக் கூட்டுங்கள் என்றார். பூங்காவை மூடி, சீர்செய்து, 1992-இல் மீண்டும் திறந்தார்கள். நகர்த்திப் போட்டு உட்காரும் நாற்காலிகள் வைத்தார்கள். இன்று மதிய நேரத்தில் அங்கே உட்கார இடம் தேட வேண்டும். அந்த ஒயிட் இன்னொன்றும் சொன்னார். ஒரு பொது இடத்தில் பெண்கள் கணிசமாக உட்கார்ந்திருந்தால், அந்த இடம் நன்றாக நடத்தப்படுகிறது என்று பொருள்.

இப்போது நம் பூங்காவைப் பாருங்கள். சாலைப் பக்கம் ஆறடி மதில். உள்ளே போகன்வில்லா ஆள் உயரத்துக்கு மண்டியிருக்கிறது. ஆறு விளக்கில் நான்கு எரிவதில்லை. பகல் 10 மணியிலிருந்து மாலை 4 மணி வரை பூட்டியே கிடக்கிறது. ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தைத் தேடுபவர்களுக்கு நாமே ஒன்றைத் தயார் செய்து வைத்திருக்கிறோம். மதிலை இரண்டடியாகக் குறைத்து மேலே கம்பி கிராதி வைக்கட்டும். செடியை இடுப்பளவுக்கு வெட்டட்டும். விளக்குகள் எரியட்டும். பகலிலும் திறந்திருக்கட்டும். நம் வீடுகளுக்கு வேலைக்கு வரும் அக்காமார் மதியம் சாப்பிட இடமில்லாமல் மாடிப்படியில் உட்காருகிறார்கள். டெலிவரி தம்பிகள் வெயிலில் பைக் மேல் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் அங்கே புங்கமர நிழலில் உட்காரட்டும். நாலு பேர் கண் படும் இடத்தில் பாட்டில் திறக்க யாருக்கும் துணிவு வராது.

பெண்பிள்ளைகள் விஷயத்தில் ஆஸ்திரியாவின் வியன்னா நகரம் ஒரு பாடம் தருகிறது. 1990-களில் அங்கே ஆய்வு செய்தபோது, ஒன்பது வயதுக்கு மேல் பெண்பிள்ளைகள் பூங்காவுக்கு வருவது வெகுவாகக் குறைவதைக் கண்டார்கள். பையன்கள் குறையவில்லை. திறந்த மைதானத்தைப் பையன்கள் பிடித்துக்கொள்வார்கள், பெண்பிள்ளைகள் போட்டி போடாமல் ஒதுங்கிவிடுவார்கள். நகராட்சி 1999-இல் சோதனையாக இரண்டு பூங்காக்களை மாற்றியது. நடைபாதைகளைக் கூட்டியது, பூப்பந்துக்கும் கைப்பந்துக்கும் இடம் ஒதுக்கியது, ஒரே பெரிய வெளியைச் சிறு பகுதிகளாகப் பிரித்தது. பெண்பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். நம் பூங்காவில் மாலையில் யார் இருக்கிறார்கள்? நடுவில் கிரிக்கெட், ஓரத்தில் நாம் வாக்கிங். ஏழாம் வகுப்புப் பெண்பிள்ளை ஒருத்தியாவது விளையாடிப் பார்த்தீர்களா? ஒரு ஷட்டில் கோர்ட்டுக் கோடு போட எத்தனை செலவு ஆகிவிடும்? பூட்டிக் கிடக்கும் கழிப்பறையைத் திறந்து சுத்தமாக வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

இனி பராமரிப்பு. பூங்கா திறப்பு விழாவன்று அழகாக இருப்பதில் ஆச்சரியம் இல்லை. ஐந்தாவது வருடம் எப்படி இருக்கிறது என்பதுதான் கேள்வி. அது நான்கு விஷயங்களில் அடங்கியிருக்கிறது.

முதலாவது தண்ணீர். சென்னையில் வருடத்துக்குச் சராசரி சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. நம் 1,115 சதுர மீட்டரில் விழுவது 15 லட்சம் லிட்டருக்கு மேல். அதாவது 12,000 லிட்டர் லாரி சுமார் 130. அதை வாங்கிக்கொள்ள மண் வேண்டும். பேவர் பிளாக் போட்டு மூடிவிட்டால் மழையெல்லாம் சாலைக்கு ஓடும், நாம் கோடையில் லாரிக்குப் பணம் கொடுப்போம். மாநகராட்சி இப்போது சில இடங்களில் 'ஸ்பாஞ்ச் பார்க்' அமைப்பதும் இதற்காகத்தான். புல்தரை அழகுதான், ஆனால் கோடையில் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்குச் சுமார் 5 லிட்டர் குடிக்கும். அதைச் சிறிதாக வைத்து, நம் எஸ்.டி.பி. தண்ணீரை விடலாம்.

இரண்டாவது மரம். 2016 டிசம்பர் 12 வர்தா புயலில் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்ததைப் பார்த்தவர்கள் நாம். வேரைச் சுற்றி சிமென்ட் போட்டால் மரம் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? மரத்தைச் சுற்றி ஒரு மீட்டராவது மண்ணாக இருக்க வேண்டும். டெல்லி மரங்கள் தொடர்பாக 2013-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னதும் இதே ஒரு மீட்டர்தான். புதிதாக நடுவதென்றால் புங்கன், வேம்பு, மகிழம், பூவரசு, நாவல் போதும். நட ஏற்ற காலம் மழைக்காலம். ஜூன் 5-ஆம் தேதி போட்டோவுக்கு நட்டுவிட்டு அக்னி வெயிலின் மிச்சத்தில் காயவிட வேண்டாம்.

மூன்றாவது விளையாட்டுச் சாமான். ஊஞ்சல் சங்கிலி, சறுக்கு மரத்தின் போல்ட், துரு, இவற்றை மாதம் ஒருமுறை ஒருவர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஊஞ்சலுக்குக் கீழே சிமென்ட் கூடாது. ஒரு அடி ஆழத்துக்கு மணல் வேண்டும்.

நான்காவது காலக் கணக்கு. ஆகஸ்ட், செப்டம்பரில் மழைநீர்க் குழிகளைத் தூர்வாரி, காய்ந்த கிளைகளை வெட்ட வேண்டும். மழையில் நடவு. ஜனவரி முதல் சருகை எரிக்காமல் மரத்தடியில் மூடாக்காகப் போட வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் கன்றுகளுக்கு மட்டும் தண்ணீர்.

இதற்கெல்லாம் பணம்? பூங்கா மாநகராட்சியுடையது, பராமரிப்பும் அவர்கள் கடமை. அதை நாம் விட்டுக்கொடுக்கக் கூடாது. விளக்கு எரியவில்லை என்றால் 1913-க்குச் சொல்லி, புகார் எண்ணை எழுதி வையுங்கள். பராமரிப்பு ஒப்பந்தம் யாரிடம் இருக்கிறது, என்னென்ன வேலை செய்ய வேண்டும் என்று 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். 2022 முதல் வார்டுகளில் ஏரியா சபைக் கூட்டம் நடக்கிறது. நம்மில் பத்துப் பேர் அங்கே போனால் மதில், கழிப்பறை, திறந்திருக்கும் நேரம் மூன்றையும் கேட்டு வாங்கலாம்.

அதற்கு மேல் நாமும் கை கொடுக்கலாம். பூங்காவைத் தத்தெடுத்துப் பராமரிக்க மாநகராட்சி அனுமதிக்கிறது. எழுத்து மூலம் ஒப்பந்தம் போட வேண்டும், அவ்வளவுதான். மயிலாப்பூர் நாகேஸ்வரராவ் பூங்காவை ஒரு தனியார் நிறுவனம்தான் பராமரிக்கிறது. ஆனால் யாரும் அங்கே அக்சஸ் கார்டு கேட்பதில்லை. நம் 160 வீடும் மாதம் 75 ரூபாய் கொடுத்தால் 12,000 ரூபாய். அரைநாள் தோட்டக்காரர் ஒருவருக்கும் சில்லறைச் செலவுக்கும் ஆகும். பூட்டும் கார்டு கருவியும் வாங்க ஒதுக்கிய தொகையை விளக்குக்கும் ஷட்டில் கோர்ட்டுக்கும் திருப்பிவிடலாம்.

ஆகவே, தீர்மானத்தை நிராகரியுங்கள் என்று மட்டும் கேட்டு நிறுத்தவில்லை. அதற்கு மாற்றாக ஒன்றை முன்மொழிகிறேன். வெளிக் கேட் காலை 5 மணி முதல் இரவு 9 மணி வரை திறந்திருக்க மாநகராட்சியைக் கேட்பது. மதிலையும் விளக்கையும் முதலில் சரிசெய்யச் சொல்வது. தத்தெடுப்புக்கு விண்ணப்பிப்பது. ஆறு மாதம் பார்ப்போம். அதற்குப் பிறகும் இரவில் பாட்டில் கிடந்தால், இதே மேடையில் மறுபடி விவாதிப்போம்.

அதற்குள் ஒரு வேலை. இந்த வாரம் ஏதாவது ஒரு நாள் இரவு 8 மணிக்குக் குடும்பத்தோடு அங்கே போய் அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். எந்த விளக்கு எரியவில்லை, எந்த பெஞ்ச் உடைந்திருக்கிறது, எங்கே இருட்டு என்று குறித்துச் செயலாளரிடம் கொடுங்கள். அந்தப் பட்டியலோடுதான் ஏரியா சபைக்குப் போகப் போகிறோம்.