கக்குவானும் களா கத்ரும்





ஓப்பநாயக்கவில் மழை விட்டால் பனி, பனி விட்டால் மழை. ஆகையால் இருமலை நாம் பொருட்படுத்துவதில்லை. கக்குவானும் முதல் ஓரிரு வாரங்கள் சாதாரண தடிமனாகவே தோன்றும். பின்னரே மூச்செடுக்க இடந்தராத தொடர் இருமல் எழும், முடிவில் மூச்சை இழுக்கும்போது கூவல் போன்ற ஒலி கேட்கும், வாந்தியும் வரும். ஆனால் சில மாதங்களேயான சிசு பெரும்பாலும் கூவுவதில்லை, சிலவேளை இருமுவதுமில்லை. மூச்சுத் தடைப்பட்டு முகம் நீலமாகும். அவ்வேளை கைமருந்து தேடிக்கொண்டிராது உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லுங்கள்.

இலங்கையில் 1961 முதல் இதற்கு முக்கூட்டுத் தடுப்பூசி வழங்கப்பட்டு வந்தது. இன்று 2, 4, 6ஆம் மாதங்களில் ஐங்கூட்டுத் தடுப்பூசியும், 18ஆம் மாதத்தில் முக்கூட்டுத் தடுப்பூசியும் இலவசமாக ஏற்றப்படுகின்றன. இந்த ஐங்கூட்டு ஊசி 2008இல் சில மரணங்களையிட்டு நிறுத்தப்பட்டதைச் சிலர் இன்றும் சொல்லிக்காட்டுவர். உண்மைதான். ஆயினும் அப்போதும் கக்குவானுக்கான பாதுகாப்பு நிறுத்தப்படவில்லை. பழைய முக்கூட்டு ஊசி ஏற்றப்பட்டது. நிபுணர்கள் ஆராய்ந்த பின் 2010இல் ஐங்கூட்டு ஊசி மீண்டும் வந்தது. வெறும் அச்சத்தினால் ஊசியைக் கைவிட்டால் என்னவாகும் என்பதைப் பிரித்தானியா கண்டது. 1970களில் அங்கு ஊசி பெறும் பிள்ளைகளின் தொகை பாதிக்கும் கீழே வீழ்ந்தது. அத்தசாப்தத்தின் இறுதியில் கக்குவான் பெருந்தொற்றாகப் பரவியது.

"எல்லாம் கத்ரின்படி நடக்கும், ஊசி எதற்கு?" என்று என்னிடம் கேட்கும் தந்தையரும் உளர். ஷாம் தேசத்தில் கொள்ளைநோய் பரவியிருப்பதை அறிந்த உமர் (ரழி) அவர்கள் ஸர்க் என்னுமிடத்தில் ஸஹாபாக்களுடன் கலந்தாலோசித்துத் திரும்பினார்கள். இதே கேள்வி அன்று அவர்களிடமும் கேட்கப்பட்டது. விலகிச் செல்வதும் அல்லாஹ்வின் கத்ருக்கு உட்பட்டதே என்று அவர்கள் தெளிவுபடுத்தினார்கள். உமரை விடவா நாம் கத்ரை விளங்கிவிட்டோம்?

தடிமன் என்று சொல்லி ஊசித் திகதியைத் தள்ளிப்போடாதீர்கள். இலேசான தடிமன் தடையன்று. ஐயமிருப்பின் குடும்ப நல உத்தியோகத்தரிடம் கேளுங்கள். வாலிபர்களே, சிறுவயதில் பெற்ற பாதுகாப்பு காலப்போக்கில் குன்றும். உங்களுக்கு வெறும் இருமலாக இருப்பது, முதல் ஊசிக்கு முந்திய இரண்டு மாதச் சிசுவுக்கு உயிராபத்தாகலாம். அகீகா வீட்டுக்குச் செல்கையில் இருமல் இருந்தால் வாசலில் நின்று துஆச் செய்துவிட்டு வாருங்கள். பிள்ளையைத் தூக்கி முத்தமிடுவதைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம்.