நடக்க நேரமும் இடமும் தாருங்கள்



மாரடைப்பு என்றதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாயும் ஓர் ஆணைத்தான் நினைக்கிறோம். ஆனால் உலகெங்கும் பெண்களின் உயிரை அதிகம் பறிப்பது இதய, ரத்தநாள நோய்களே. பெண்ணுக்கு அது நெஞ்சுவலியாக மட்டும் வருவதில்லை. மூச்சிரைப்பாக, தாடை வலியாக, குமட்டலாக, காரணம் புரியாத களைப்பாகவும் வருகிறது. "வாய்வுதான்" என்று ஓமத் தண்ணீரைக் குடித்துவிட்டு அடுப்படிக்குத் திரும்பும் தாய்மார்களை நமக்குத் தெரியும்.

இந்த ஆபத்தைக் குறைக்கக் காசில்லாத வழி ஒன்று இருக்கிறது. அதுதான் வேக நடை. வேகம் என்றால் எவ்வளவு? பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும்; பாட்டுப் பாட முடியக் கூடாது. அவ்வளவுதான் கணக்கு. வாரத்துக்கு 150 நிமிடமாவது இப்படி உடல் இயங்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

அந்த நடையில் உடம்புக்குள் என்ன நடக்கிறது? தொடைத் தசை சுருங்கி விரியும்போது, சர்க்கரையை உள்ளே கடத்தும் புரதங்கள் தசைச் செல்லின் மேற்பரப்புக்கு வருகின்றன. இன்சுலின் ஆணையிடாமலே ரத்தத்திலுள்ள சர்க்கரையை உள்ளே வாங்கிக்கொள்கின்றன. நடை முடிந்த பிறகும் ஒன்றிரண்டு நாள் இன்சுலின் நன்றாக வேலை செய்கிறது. அதனால்தான் சர்க்கரை உள்ளவர்களை, தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடாமல் நடக்கச் சொல்கிறார்கள். ரத்தம் விரைந்து பாயும்போது நாளங்களின் உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடைச் சுரக்கிறது. நாளங்கள் தளர்ந்து ரத்த அழுத்தம் இறங்குகிறது. எடை குறையாவிட்டாலும் இந்த நன்மைகள் உண்டு. எனவே சகோதரிகளே, "ஒரு மாசமா நடக்கிறேன், ஒரு கிலோகூடக் குறையலையே" என்று நிறுத்திவிடாதீர்கள்!

பெண்ணின் வாழ்வில் உடம்பு நமக்கு எச்சரிக்கை தரும் காலங்கள் உண்டு. கர்ப்ப காலத்தில் வந்த சர்க்கரை பிரசவத்தோடு போய்விட்டது என்று நிம்மதி அடைகிறோம். ஆனால் அப்படிச் சர்க்கரை வந்த பெண்ணுக்குப் பின்னாளில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு பல மடங்கு அதிகம். மாதவிடாய் நின்றதும் கெட்ட கொழுப்பு ஏறுகிறது, வயிற்றைச் சுற்றிச் சதை சேர்கிறது. அப்போதுதான் நடை இன்னும் அவசியம்.

இனிமேல் நடந்து என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. அமெரிக்காவில் 72,000-க்கும் மேற்பட்ட நடுவயதுச் செவிலியர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 1999-இல் முடிவை வெளியிட்டார்கள். வாரம் 3 மணி நேரமாவது வேகமாக நடந்தவர்களுக்கு மாரடைப்பு ஆபத்து 30 முதல் 40 சதவீதம் குறைவாக இருந்தது. அதுவரை சும்மா இருந்து, நடுவயதிலோ அதன் பிறகோ உடற்பயிற்சி தொடங்கியவர்களுக்கும் ஆபத்து குறைந்திருந்தது.

"நாள் முழுக்க வீட்டு வேலை செய்கிறாளே, அது போதாதா?" என்று கேட்பார்கள். அந்த உழைப்பை நான் வணங்குகிறேன். ஆனால் அடுப்படியில் நின்றும், குனிந்தும், நாலடி நடந்தும் செய்யும் வேலையில் இதயத் துடிப்பு பெரும்பாலும் போதிய அளவு உயர்ந்து நிற்பதில்லை. களைப்பு மிஞ்சுகிறது, இதயத்துக்குப் போதிய பயிற்சி பல நேரம் கிடைப்பதில்லை. 2022 நிலவரப்படி இந்தியாவில் போதிய உடல் இயக்கம் இல்லாத ஆண்கள் 42 சதவீதம், பெண்கள் 57 சதவீதம் என்று ஓர் உலக ஆய்வு சொல்கிறது. இந்த இடைவெளிக்குக் காரணம் சோம்பல் அல்ல. பெண்ணுக்கென்று நேரமும் இல்லை, இடமும் இல்லை!

இடம் கிடைத்தால் என்ன நடக்கும்? சென்னை திருமங்கலம் ஏசியாட் காலனியைப் பாருங்கள். சர்க்கரை நோய் மருத்துவர் வி. மோகன் குழுவினர் அங்கே ஆய்வு நடத்தி, உடற்பயிற்சியின் தேவையை எடுத்துச் சொன்னார்கள். குடியிருப்போர் தங்கள் சொந்தப் பணத்தில் ஒரு பூங்கா அமைத்தார்கள். வாரத்தில் மூன்று முறைக்கு மேல் உடற்பயிற்சி செய்வோரின் பங்கு 14 சதவீதத்திலிருந்து 58 சதவீதத்துக்கு மேல் உயர்ந்தது. பத்தாண்டுகளில் அங்கே சர்க்கரை நோய் 12.4-லிருந்து 15.4 சதவீதம் ஆனது. அதே ஆய்வில் இருந்த, வசதி குறைந்தவர்கள் வாழும் தி.நகர் பாரதி நகரிலோ 6.5-லிருந்து 15.3 சதவீதமாகத் தாவியது. பூங்கா ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சொந்தக் காசில் பூங்கா கட்ட முடியாத தெருக்களுக்கு யார் கட்டித் தருவது? நகராட்சிதான் கட்டித் தர வேண்டும்!

ஆகவே என் கோரிக்கைகள் இவை. பள்ளி மைதானங்களைக் காலையிலும் மாலையிலும் பெண்கள் நடப்பதற்குத் திறந்துவிடுங்கள். நடைபாதை ஆக்கிரமிப்பை அகற்றுங்கள். தெருவிளக்கு எரியட்டும், பூங்காவில் சுத்தமான கழிப்பறை இருக்கட்டும். வீட்டிலுள்ள ஆண்களே, காலையில் அரை மணி நேரம் அடுப்பையும் பிள்ளைகளையும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். சகோதரிகளே, மெதுவாகத் தொடங்குங்கள். நடக்கும்போது நெஞ்சு இறுகினாலோ, மயக்கம் வந்தாலோ உடனே மருத்துவரிடம் போங்கள்.

இந்தக் கோரிக்கைகளைத் தீர்மானமாக இங்கேயே நிறைவேற்றி, நாளைக் காலையே நகராட்சி ஆணையரிடம் கொடுப்போம்.