வாடகை வீட்டில் சமையல் எரிவாயு: வீட்டுக்காரரின் சட்டப் பொறுப்பு

வாடகை வீட்டில் சமையல் எரிவாயுவின் பாதுகாப்பு மூன்று பேரைச் சேர்ந்தது. இணைப்பைத் தம் பெயரில் வைத்திருப்பவர் ஒருவர். சிலிண்டரைக் கொண்டுவந்து தரும் கேஸ் ஏஜென்சி இன்னொருவர். வீட்டின் உரிமையாளர் மூன்றாமவர். யாருக்கு எந்தப் பங்கு என்பதை இந்தியாவில் எந்தச் சட்டமும் ஒரே இடத்தில் திரட்டிச் சொல்லவில்லை; அது பல சட்டங்களில் சிதறிக் கிடக்கிறது. அதனால் சிலிண்டர் குடியிருப்பவருடையது என்று வீட்டுக்காரர் இருந்துவிடுகிறார். வீடு அவருடையதுதானே என்று குடியிருப்பவரும் இருந்துவிடுகிறார். வெடித்துப்போன டியூப்பை மாற்ற ஆளில்லாமல் போவது இப்படித்தான்.

சேர்வராயன் மலையில், ஏற்காடு ஒன்றியத்து மாரமங்கலம் போன்ற ஊர்களில், இந்தக் கேள்விக்குக் கூடுதல் அழுத்தம் உண்டு. காப்பி, மிளகுத் தோட்டங்களின் லைன் வீடுகள், வேலை நிமித்தம் மலையேறி வந்தவர்களின் வாடகை வீடுகள், சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடப்படும் வீடுகள் எனப் பல வகை வீடுகள் இந்த மலையில் இருக்கின்றன. குளிருக்கும் பனிமூட்டத்துக்கும் பயந்து எல்லோரும் சன்னல்களை அடைத்துவைக்கிறார்கள். எரிவாயு இருக்கும் வீட்டில் அடைத்த சன்னல்தான் முதல் ஆபத்து.

சிலிண்டரில் திரவமாக இருக்கும் எல்.பி.ஜி. வெளியே வந்தால் ஏறத்தாழ 250 மடங்கு விரிந்து வாயுவாகிறது. அது காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு படர்ந்து, மூலையிலும் மேடைக்கு அடியிலும் தங்கிவிடும். காற்றில் நூற்றுக்கு ஏறத்தாழ 2 பங்கு கலந்தாலே ஒரு சுவிட்சின் பொறி போதும், தீப்பிடிக்க. வாயுவுக்கு இயல்பில் மணம் கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காகவே மெர்காப்டன் என்ற நாற்றப்பொருளைச் சேர்க்கிறார்கள். எரிவாயு அரைகுறையாக எரியும்போது உண்டாகும் கார்பன் மோனாக்சைடுக்கு அந்த நாற்றமும் இல்லை. காற்றோட்டம் இல்லாத குளியலறையில் கேஸ் கீசர் வைப்பது உயிருக்கே உலைவைப்பது இதனால்தான்.

மலையடிவாரத்துச் சேலம் நகரில், கருங்கல்பட்டியில், 2021 நவம்பர் 23 அன்று காலை ஒரு வீட்டில் கசிந்த எரிவாயு வெடித்தது. அடுத்தடுத்த வீடுகளும் இடிந்து விழுந்தன. ஐந்து பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் தீயணைப்புத் துறையில் பணியாற்றிய ஒருவரும் உண்டு. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் ஓர் அடுப்படியின் கசிவு பக்கத்து வீட்டையும் சேர்த்தே அழிக்கும். வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளின் அமைப்பும் இதுவே.

முதலில் இணைப்புதாரரின் பங்கு. வீட்டு எரிவாயு வழங்கலை ஒழுங்குபடுத்துவது, அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தின் கீழ் 2000-ஆம் ஆண்டில் வந்த ஆணை. இணைப்பு ஒருவர் பெயருக்குத் தரப்படுகிறது. அவர் தாமாகவே அதை வேறொருவருக்குக் கைமாற்றிவிட முடியாது. பழைய சிலிண்டரையும் கேஸ் புத்தகத்தையும் வீட்டோடு விட்டுவிட்டுப் போகும் வீட்டுக்காரர் நல்லது செய்வதாகவே நினைக்கலாம். ஆனால் ஏடுகளில் இணைப்புதாரர் அவர்தான். அந்தப் பொறுப்பும் அவரிடமே நிற்கிறது.

இணைப்பு எந்த முகவரியில் பதிவாகியிருக்கிறது என்பது காப்பீட்டிலும் முக்கியம். எண்ணெய் நிறுவனங்கள் எடுத்திருக்கும் காப்பீட்டின்படி, எரிவாயு விபத்தில் உயிரிழந்தால் ஒருவருக்கு 6 லட்சம் ரூபாயும், மருத்துவச் செலவுக்கு ஒருவருக்கு அதிகபட்சம் 2 லட்சமும் கிடைக்கும். சொத்துச் சேதத்துக்கும் 2 லட்சம் வரை உண்டு. ஆனால் சொத்துக்கான தொகை, இணைப்பு பதிவாகியிருக்கும் முகவரியில் நடந்த விபத்துக்கு மட்டுமே. வேறு முகவரியில் பதிவான சிலிண்டரைக் கொண்டுவந்து வைத்திருந்தால் அந்த உதவி கிடைக்காது. ஆகவே குடிவருபவர் தம் இணைப்பைப் புது முகவரிக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். அதற்கு வாடகை ஒப்பந்தமே முகவரிச் சான்றாகும். குறுகிய காலம் தங்குபவருக்கு 5 கிலோ சிலிண்டர் இருக்கிறது. அதை வாங்க அடையாளச் சான்று போதும், முகவரிச் சான்று வேண்டியதில்லை.

ஏஜென்சியின் பங்கு, இணைப்பை 5 ஆண்டுக்கு ஒருமுறை வீட்டுக்கு வந்து சோதிப்பது. சோதனைக்கு வரும் பணியாளரை உள்ளே விடுவது குடியிருப்பவரின் கடமை.

வீட்டுக்காரரின் பங்கு எங்கே தொடங்குகிறது? 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம், 108-ஆம் பிரிவில் அதைச் சொல்கிறது. வீட்டைப் பயன்படுத்துவதற்கு இடையூறான முக்கியக் குறை ஒன்று உரிமையாளருக்குத் தெரிந்திருந்து, குடிவருபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தும் கண்டுபிடிக்க முடியாததாக இருந்தால், உரிமையாளர் அதைச் சொல்லியே ஆக வேண்டும். சமையலறைச் சுவருக்குள் ஓடும் செப்புக் குழாயில் பழுது இருப்பதை அறிந்தும் மறைப்பது இந்தக் கடமையை மீறுவது.

தமிழ்நாட்டில் நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் இரண்டாம் அட்டவணை பழுதுபார்க்கும் வேலைகளைப் பிரித்துத் தருகிறது. கட்டடத்தின் பழுது, தண்ணீர்க் குழாய்களை மாற்றுவது, உள்ளும் புறமும் மின்கம்பி இழுப்பது ஆகியவை உரிமையாளருக்கு. கீசர் பழுது, சமையலறைப் பொருத்துகளின் பழுது, சுவிட்சு, சாக்கெட் பழுது ஆகியவை வாடகைதாரருக்கு. உரிமையாளர் தம் பங்கைச் செய்ய மறுத்தால் வாடகைதாரரே செய்துகொண்டு வாடகையில் கழிக்கலாம். ஒரு மாதத்தில் கழிக்கும் தொகை அந்த மாத வாடகையில் பாதியைத் தாண்டக்கூடாது. பழுதுபார்க்கவோ பார்வையிடவோ உரிமையாளர் வீட்டுக்குள் வர 24 மணி நேரத்துக்கு முன் தெரிவிக்க வேண்டும்.

அட்டவணையில் எரிவாயு என்ற சொல்லுக்கென்று தனி வரி இல்லை. ஆனாலும் பொருள் தெளிவு. சிலிண்டரும் அடுப்பும் குடியிருப்பவருடையவை என்றாலும், அவற்றைச் சூழ்ந்த சுவர், சன்னல், மின்கம்பி எல்லாம் உரிமையாளருடையவை. கசிந்த வாயு வெளியேற வழி இருப்பதும், தேய்ந்த கம்பியிலிருந்து பொறி பறக்காமல் இருப்பதும் அவர் கையில் இருக்கின்றன.

அலட்சியம் உயிருக்கு ஆபத்தை உண்டாக்கினால் குற்றவியல் சட்டம் வருகிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 287-ஆம் பிரிவு, தீயையும் தீப்பற்றும் பொருளையும் பிறர் உயிருக்கு ஆபத்து நேரும்படி அலட்சியமாகக் கையாள்பவருக்கு ஆறு மாதம் வரை சிறை என்கிறது. அலட்சியத்தால் மரணம் நேர்ந்தால் 106-ஆம் பிரிவின்படி ஐந்தாண்டு வரை சிறை. தவறு செய்தவர் உரிமையாளரா வாடகைதாரரா என்று இந்தப் பிரிவுகள் பேதம் பார்ப்பதில்லை.

நிறுவனம் தன் ஊழியருக்கு வேலையோடு சேர்த்துத் தரும் வீடுகளுக்கு 2017-ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தாது. எஸ்டேட் லைன் வீடுகளுக்கு வேறு சட்டம் இருக்கிறது. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், தோட்டத்தில் தங்கும் தொழிலாளிக்கு வீடு கட்டித் தருவதையும் அதைப் பராமரிப்பதையும் முதலாளியின் கடமையாக்கியது. 1981-இல் வந்த திருத்தம் இன்னும் ஒரு படி மேலே போனது. அந்த வீடு இடிந்து உயிர்ச்சேதமோ காயமோ நேர்ந்தால், குடியிருந்தவரின் தவறோ இயற்கைச் சீற்றமோ மட்டுமே காரணமாக இல்லாத நிலையில், முதலாளி இழப்பீடு தர வேண்டும். இப்போது அதன் இடத்துக்கு வந்திருக்கும் 2020-ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்புத் தொகுப்பு, வீடு என்பதோடு குடிநீர், சமையலறை, கழிப்பறை ஆகியவற்றையும் பெயர் சொல்லிச் சேர்க்கிறது. விறகடுப்புக்கென்று கட்டிய பழைய அடுப்படியில் இன்று சிலிண்டர் நிற்கிறது. அதற்கேற்ற மேடையும் காற்றுவழியும் அமைத்துத் தருவது எஸ்டேட் நிர்வாகத்தின் வேலை. சுற்றுலாப் பயணிகளுக்கு விடப்படும் வீடுகளின் நிலை வேறு. விடுதியாகவோ உணவகமாகவோ நடத்தப்படும் வீட்டில் 14.2 கிலோ வீட்டுச் சிலிண்டரைப் பயன்படுத்தக்கூடாது; 19 கிலோ போன்ற வணிகச் சிலிண்டரே சட்டப்படி சரி.

பிரிட்டனில் இந்தப் பொறுப்பு ஒரே கையில் இருக்கிறது. அங்கே 1998-ஆம் ஆண்டு விதிகளின்படி, தாம் வைத்துக்கொடுத்த எரிவாயுக் கருவிகளையும் குழாய்களையும் பதிவுபெற்ற பொறியாளரைக் கொண்டு ஆண்டுக்கு ஒருமுறை சோதிப்பது வீட்டு உரிமையாளரின் கடமை. சோதனைச் சான்றின் நகலைக் குடியிருப்பவருக்கு 28 நாளுக்குள் தர வேண்டும். புதிதாக வருபவருக்குக் குடிபுகும் முன்பே தர வேண்டும். லண்டனின் ஈஸ்ட் ஹாம் பகுதியில் வாடகைக்கு இருக்கும் தமிழ்க் குடும்பம் அந்தத் தாளை உரிமையோடு கேட்டு வாங்கலாம். மாரமங்கலத்தில் இருக்கும் குடும்பத்துக்கு அப்படி ஒரு தாள் இல்லை. அது வரும்வரை அந்த வேலையை வாடகை ஒப்பந்தமே செய்ய வேண்டும். இணைப்பு யார் பெயரில் இருக்கிறது, சுவருக்குள் ஓடும் குழாயும் கீசரும் யாருடையவை, டியூப்பும் ரெகுலேட்டரும் மாற்றுவது யார், சமையலறைச் சன்னல் திறந்து மூடுகிறதா என்ற நான்கையும் எழுத்தில் பதிந்துகொள்வது இரு தரப்புக்கும் காவல்.

சாவி கைமாறும் நாளிலேயே இருவரும் சேர்ந்து பார்க்க வேண்டியவை சில. சிலிண்டரின் மேல் வளையத்தைத் தாங்கும் பட்டைகளில் ஒன்றின் உட்புறம் ஓர் ஆங்கில எழுத்தும் இரண்டு இலக்கமும் இருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி என்றால் ஏப்ரல் முதல் ஜூன், சி ஜூலை முதல் செப்டம்பர், டி அக்டோபர் முதல் டிசம்பர். பி-27 என்று இருந்தால் 2027 ஜூனுக்குள் அந்தச் சிலிண்டர் மறுசோதனைக்குப் போக வேண்டும். நாள் கடந்ததை வாங்காமல் திருப்பி அனுப்பலாம். ஆரஞ்சு நிறச் சுரக்ஷா டியூப்பின் மேல் தயாரித்த காலம் அச்சாகியிருக்கும். ஐந்தாண்டு ஆனதும், வெடிப்பு தெரியாவிட்டாலும், அதை மாற்றிவிட வேண்டும். சிலிண்டர் நிமிர்ந்து நிற்க வேண்டும். அடுப்பு அதைவிட உயரமான மேடையில் இருக்க வேண்டும். கசிவைச் சோப்புத் தண்ணீர் தடவித்தான் பார்க்க வேண்டும். தீக்குச்சி கிழித்துப் பார்ப்பது உயிரோடு விளையாடுவது.

நாற்றம் வந்தால் எந்தச் சுவிட்சையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. அடுப்பையும் ரெகுலேட்டரையும் மூடி, கதவு சன்னல்களைத் திறந்து, எல்லோரும் வெளியேறி, பக்கத்து வீட்டாரையும் வெளியே வரச் சொல்ல வேண்டும். வெளியே வந்தபின் 1906 என்ற அவசர எண்ணை அழைக்க வேண்டும். மலைச்சாலையில் உதவி வந்துசேர நேரம் பிடிக்கும் என்பதால் முதல் சில நிமிடங்கள் அங்கிருப்பவர்கள் கையில்தான் இருக்கின்றன. ரெகுலேட்டரைக் கழற்றி, வால்வில் பாதுகாப்பு மூடியைப் பொருத்தும் முறையை வீட்டில் சமைக்கும் ஒவ்வொருவரும் தெரிந்திருக்க வேண்டும். புதிதாகக் குடிவந்தவருக்கு அந்த வீட்டின் மெயின் சுவிட்சும் கேஸ் குழாயை மூடும் வால்வும் எங்கே இருக்கின்றன என்பதைக் காட்டிக்கொடுக்க வேண்டியவர் வீட்டுக்காரர்.