உலாவிக்கு ஒரு கல்லறை

தென்கொரியாவின் கியோங்ஜு நகரில் ஒரு காபிக் கடையின் மொட்டைமாடியில் 2022 ஜூனில் ஒரு கல்லறைக் கல் எழுந்தது. 'மறைந்தவர்' இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் என்ற இணைய உலாவி. மற்ற உலாவிகளைப் பதிவிறக்கிக்கொள்ள நன்றாக உதவினார் என்று அதில் கிண்டலாகப் பொறித்திருந்தார் ஒரு மென்பொருள் பொறியாளர். செலவு 4,30,000 வோன்!

ஏன் இத்தனை கோபம்? 1990களின் இறுதியில், இணையப் பணப் பரிமாற்றத்தின் பாதுகாப்புக்காகக் கொரியா 'சீட்' என்ற சொந்தக் குறியாக்க முறையை உருவாக்கியது. அதை இயக்க ஆக்டிவ்எக்ஸ் என்ற துணை நிரல் தேவைப்பட்டது. அதுவோ எக்ஸ்ப்ளோரரில்தான் ஓடும். 2008இல் வேகமான குரோம் வந்த பிறகும், கொரியர்கள் வங்கிக்கும் வரி கட்டவும் பழைய உலாவியையே திறக்க வேண்டியிருந்தது.

பாதுகாப்பாவது மிஞ்சியதா என்றால், அதுவும் இல்லை. 'நிறுவலாமா?' என்று எந்தத் தளம் கேட்டாலும் யோசிக்காமல் 'சரி' அழுத்தும் பழக்கம் மக்களிடம் ஊறிவிட்டது. தீநிரல்களுக்கு அது ராஜபாட்டை.

இன்று நிலைமை வேறு. குரோம், எட்ஜ், ஓபரா மூன்றும் குரோமியம் என்ற ஒரே அடித்தளத்தில் இயங்குகின்றன. ஃபயர்பாக்ஸும் சஃபாரியும் தனி வழி. பெரும்பாலான தளங்கள் எல்லாவற்றிலும் திறக்கும். வேகத்திலும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் கிடையாது.

ஆகவே, உலாவியைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது பாதுகாப்புப் புதுப்பிப்பு தவறாமல் வருகிறதா என்பதைத்தான். வந்த புதுப்பிப்பு, உலாவியை மூடித் திறந்தால்தான் வேலை செய்யும். வாரக்கணக்கில் மூடாமல் வைத்திருப்பவர்கள் இன்றைக்கே ஒருமுறை மூடித் திறந்துவிடுங்கள்.