மண்டைக்குள்ள சுருக்குன்னு குத்தினா...

(செங்கோட்டை வட்டார உறுப்பினர் கூட்டத்தில் உடல்நலம் பற்றிப் பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பு, கடன், வட்டி எல்லாம் பேசி முடிச்சாச்சு. இப்போ நம்ம தலையைப் பத்தியும் கொஞ்சம் பேசுவோம். "மண்டைக்குள்ள திடீர்னு குத்துது" என்று நம்ம குழுக்களில் சொல்லாத ஆள் குறைவு. உடனே "தலையில நீர் கோத்திருக்கும், சுக்குப் பத்து போடு" என்று நாமே வைத்தியர் ஆகிவிடுகிறோம். சில வலிக்கு அது போதும். சில வலிக்குப் பத்து காயுற வரை காத்திருந்தால் ஆள் கிடைக்க மாட்டாள்.

ஊசி குத்தின மாதிரி இரண்டு மூன்று நொடி வந்து, தானாகவே போய்விடுகிற வலி பெரும்பாலும் ஆபத்தில்லாதது. ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு இது கூடுதலாக வரும். எப்போதும் ஒரே இடத்தில் குத்தினால் மட்டும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

நம்ம பக்கம் பீடி சுற்றுகிற பெண்கள் அதிகம். தட்டை மடியில் வைத்து, குனிந்த தலை நிமிராமல் மணிக்கணக்காக உட்காருகிறோம். கழுத்துச் சதை இறுகி, பிடரி நரம்பு அழுந்தினால், பிடரியிலிருந்து உச்சி வரை கரண்ட் பாய்ந்த மாதிரி சுள்ளென்று இழுக்கும். அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து கழுத்தை அசைத்துக் கொடுங்கள். கணக்கு முடிக்கிற அவசரம் தெரியாமல் சொல்லவில்லை.

பல் துலக்கும்போதும் சோறு மெல்லும்போதும் கன்னத்தில் ஷாக் அடித்த மாதிரி வந்தால் அது முக நரம்பு வலியாக இருக்கலாம். சொத்தைப் பல் என்று நினைத்து நல்ல பல்லைப் பிடுங்கிக் கொண்டவர்கள் உண்டு. இதற்குத் தனி மாத்திரை இருக்கிறது. கண் சிவந்து, விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்து, வாந்தியோடு வலித்தால் அது கண் அழுத்தமாக இருக்கலாம். அன்றைக்கே கண் டாக்டரைப் பார்க்கணும், இல்லாவிட்டால் பார்வை போய்விடும்.

இனிமேல் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். இடி விழுந்த மாதிரி வந்து, ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்கு ஏறி, இறங்காமல் நிற்கிற வலி, "என் ஆயுசுல இப்படி வலிச்சதே இல்ல" என்கிற வலி, மூளையில் ரத்தக்குழாய் வெடித்ததாக இருக்கலாம். வாந்தி, கழுத்து விறைப்பு, வாய் கோணல், பேச்சுக் குழறல், வலிப்பு, மயக்கம் எது சேர்ந்தாலும் 108-க்குப் போன் பண்ணுங்கள். மருந்துக்கடை மாத்திரை வேண்டாம். ரத்தம் கசிவதா, கட்டியதா என்று ஸ்கேன்தான் சொல்லும். கட்டியைக் கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போடணும். இங்கேயிருந்து ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கே சுமார் 60 கிலோமீட்டர். வீட்டுக்காரர் வரட்டும் என்று உட்கார்ந்தால் நேரம் அதிலேயே போய்விடும்.

கர்ப்பிணிக்கு ஐந்தாம் மாதத்துக்கு மேல் கடுமையான தலைவலி, கண் மங்கல், முகம் வீக்கம் என்றால் ரத்தக்கொதிப்பு ஏறியிருக்கலாம். வலிப்பில் கொண்டுபோய் விட்டு, தாய் பிள்ளை இரண்டு பேருக்குமே ஆபத்தாகும். பிரசவமான பிறகும் இது வரலாம்.

பெரியவர்கள் கோபப்பட்டாலும் ஒன்று சொல்லியாகணும். "பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீர் கொடுக்காதே, வயிறு போட்டுவிடும்" என்பது தப்பு. பிரசவமான சில வாரங்களுக்கு ரத்தம் உறைகிற தன்மை இயல்பாகவே கூடியிருக்கும். தண்ணீரும் குறைந்தால் மூளையிலிருந்து ரத்தம் திரும்புகிற குழாயில் கட்டி அடைக்க வாய்ப்பு கூடும். தலைவலியில் ஆரம்பித்து வலிப்பு வரை போகும். பால் கொடுக்கிறவளுக்குத் தாகத்துக்குத் தண்ணீர் தாராளமாகக் கொடுங்கள். முதுகில் ஊசி போட்டு ஆபரேஷன் செய்தவளுக்கு உட்கார்ந்தால் தலைவலி, படுத்தால் குறைகிறது என்றால் அது வேறு. அதையும் பிரசவம் பார்த்த டாக்டரிடமே சொல்லுங்கள்.

இந்த மாதக் குழுக் கூட்டத்தில், யார் வீட்டில் கர்ப்பிணி இருக்கிறாள், யார் வீட்டில் கைப்பிள்ளைக்காரி இருக்கிறாள் என்று கேட்டு எழுதிக் கொள்ளுங்கள். அந்த வீட்டு மாமியாரையும் அம்மாவையும் ஊக்குநரும் பிரதிநிதியும் நேரில் பார்த்துப் பேசணும். ஆஸ்பத்திரி அவசரத்துக்கு அடுத்த கூட்டம் வரை காத்திராமல் கடன் கொடுக்கலாம் என்று தீர்மான நோட்டில் இப்போதே எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போட்டு வையுங்கள்.