மருந்தின் விலையும் மக்களின் மொழியும்

(விஜயபுரம் தோழர்கள் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)



1960 ஏப்ரலில் திருத்தணி தமிழ்நாட்டோடு இணைந்தது. விஜயபுரம் ஆந்திரத்திலேயே தொடர்ந்தது. தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் இம்மண்ணில், நோயாளியின் கையிலுள்ள மாத்திரை அட்டை பெரும்பாலும் பேசுவதோ ஆங்கிலம். அதனைப் படிக்க இயலாத விசைத்தறித் தொழிலாளி, கேட்ட விலையைக் கொடுத்துத் திரும்புகிறார். மருந்தைப் போலவே மருந்தைப் பற்றிய அறிவும் வசதி படைத்தோரின் உடைமையாக நிற்கிறது.

ஆயினும் அவ்வறிவின் பெரும்பகுதி இன்று இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. 2022ஆம் ஆண்டின் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் 384 மருந்துகள் உள்ளன. விலைக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட மருந்துகளின் உச்சவரம்பு விலையைத் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையத்தின் இணையதளத்திலும், ‘பார்மா சஹி தாம்’ செயலியிலும் காணலாம். தேட வேண்டியது வணிகப் பெயரை அன்று. அட்டையில் அச்சிடப்பட்டுள்ள மூலப்பெயரை. ஒரே மருந்து பல பெயர்களில் பல விலைகளுக்கு விற்கப்படும் உண்மை அப்போதே வெளிப்படும். 2023 ஆகஸ்ட் முதல் 300 வணிகப் பெயர் மருந்துகளுக்குக் கியூஆர் குறியீடு கட்டாயம். கைப்பேசியால் அதனைப் படித்தால் தயாரிப்பாளர், தொகுதி எண், காலாவதி நாள் ஆகியவை தெரியவரும்.

நோயைப் பற்றி அறிய உலக சுகாதார நிறுவனம், அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் மெட்லைன்பிளஸ் ஆகிய பொதுத் தளங்கள் உள்ளன. எத்தளமாயினும் மூன்று கேள்விகள் தேவை: எழுதியவர் யார்? எப்போது எழுதினார்? அதனால் எதை விற்க முயல்கிறார்? நீரிழிவைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வது 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். வாட்ஸ்அப்பிலோ அத்தகைய செய்தி தடையின்றி உலவுகிறது. அதை நம்பி இன்சுலினை நிறுத்துபவர் உயிரையே பணயம் வைக்கிறார். இணையம் மருத்துவருக்கு மாற்றன்று. மருத்துவரிடம் சரியான கேள்வியைக் கேட்க உதவும் கருவி.

விலையைத் தெரிந்துகொள்வது முதற்படி மட்டுமே. 1995ஆம் ஆண்டு ஆணை உற்பத்திச் செலவைக் கொண்டு விலையைக் கணக்கிட்டது. 2013ஆம் ஆண்டு ஆணையோ சந்தை விலைகளின் சராசரியோடு சில்லறை வணிகருக்கு 16 விழுக்காட்டைச் சேர்க்கிறது. கம்பெனிகள் ஏற்றிவைத்த விலையே இவ்வாறு அளவுகோலாகிறது. செலவின் அடிப்படையில் விலை வேண்டும். அந்த விலைப்பட்டியல் தமிழிலும் தெலுங்கிலும் வேண்டும். இவ்விரண்டும் பிரிக்க முடியாத கோரிக்கைகள்.

அதுவரை, படித்த இளந்தோழர்கள் வாரத்தில் ஒரு மாலை கைப்பேசியோடு தறிக்கூடத்தருகே அமரட்டும். மருந்துச் சீட்டும் அட்டையுமாக வருவோருக்கு, அவரவர் மொழியில் படித்துச் சொல்லட்டும்.